அவரசம்

"இந்த ஆளுக்கு அவசரம்னு எழுதக்கூடத் தெரியல, பாருங்க மேடம்" என்று மீசை தன் திரையை என் பக்கம் திருப்பினான். மீசை சரியாக முளைக்காததால் நாங்கள் வைத்த பட்டம் அது. எங்கள் வங்கியின் பெயரில் வரும் போலி மின்னஞ்சல்களைப் பிடிப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு. வாடிக்கையாளர்கள் சந்தேகப்பட்டு அனுப்பிவைப்பதை நான் படித்துச் சொல்வேன், அவன் அந்த முகவரியை முடக்குவான். எனக்கு இதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. அனுப்புகிறவன் முகவரியில் ஓர் எழுத்து இடறும்; இல்லையென்றால் எந்த வங்கியும் கேட்காத கடவுச்சொல்லைக் கேட்பான். அதெல்லாம் பார்க்கும் முன்பே, படித்த மாத்திரத்திலேயே கள்ளனைச் சொல்லிவிடுவேன்.

'அவரசம்: உங்கள் கணக்கு இன்று முடக்கப்படும்' என்றிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வார்த்தை வாயில் புரண்டுவிடும். வளர்ந்த பிறகும் "அவரசமா போறேம்மா" என்பான். "மெதுவாவே போ, வார்த்தையாவது ஒழுங்கா வரும்" என்பாள் அம்மா. உலகத்தில் இவன் ஒருவன்தானா இப்படித் தப்பாக எழுதுவான் என்று என்னையே அதட்டிக்கொண்டு கீழே படித்தேன். கடைசி வரி: 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள வங்கி.'

மீசை விழுந்து விழுந்து சிரித்தான். "எந்த பேங்க் மேடம் நமக்குக் கீழ்ப்படியுது?"

எந்தக் கடிதத்தையும் பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பம் மாதிரி முடிக்கச் சொல்லிக்கொடுத்த புண்ணியவதி நான்தான். பிறந்தநாள் வாழ்த்தில்கூட 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி' என்று எழுதுவான். கணினி வேலை என்று வெளிநாடு போனவனிடமிருந்து மாதக்கணக்கில் ஒரு போன் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று அம்மா தினமும் கேட்கிறாள். அடப்பாவி, இதுவா உன் வேலை? ஏமாற்றுகிறானா, ஏமாந்துபோய் எங்கேயோ மாட்டிக்கொண்டானா?

"முடக்கிடவா மேடம்?"

"இரு."

"எத்தனை பேருக்குப் போயிருக்கோ. யாராவது நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்துட்டா போச்சு."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் முடக்கிவிட்டால் என் தம்பிக்குப் போகும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். போனை எடுத்து அந்த முகவரிக்கே எழுதினேன்: 'அக்காடா. எங்க இருக்க?'

பதில் வரும் என்று நினைக்கவேயில்லை. வந்தது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் கடவுச்சொல்லை உடனடியாக அனுப்பவும்.' பக்கத்தில் யாரோ நின்று சொல்லச் சொல்ல எழுதியது போல ஒரு பிழைகூட இல்லை.

மூச்சு விடுவதற்குள் இன்னொன்று வந்தது.

'அனுப்பிடாதக்கா.'

மீசையின் விரல் பொத்தானுக்குப் போனது. அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். இன்னொரு கையில் போனின் வெளிச்சம் மங்க மங்க, அதை அணையவிடாமல் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தேன்.