கைப்பிடி உடைந்த கப்

ஆஸ்பத்திரி கேண்டீனில் அக்காவுக்கு வேலை கிடைக்க ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. அவளுடைய கேக்கின் செய்முறையை கிராம் கணக்கில் எழுதித் தர வேண்டும். அங்கே மூன்று ஷிஃப்ட், மூன்று சமையல்காரர்கள். யார் செய்தாலும் அதே கேக் வர வேண்டும் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவிடம் இருந்ததோ கைப்பிடி உடைந்த ஒரு கப் மட்டும். எழுதும் வேலை தம்பியின் தலையில் விழுந்தது.

முதல் தடவை அவன் ஐந்தே நிமிடத்தில் முடித்தான். கப் நிறையத் தண்ணீர் பிடித்துத் தராசில் நிறுத்தான். கப்பின் எடை போக இருநூற்று நாற்பது கிராம். மாவு நாலு கப், சர்க்கரை மூன்று கப், எல்லாவற்றையும் அதே எண்ணால் பெருக்கி அனுப்பிவிட்டான். கேண்டீனில் வெந்து வந்ததில் கத்தி இறங்கவில்லை. மேலாளர் ஒரு துண்டைப் பொட்டலம் கட்டி அக்காவிடமே கொடுத்தனுப்பினார். அவள் அதைத் தம்பியின் தட்டில் வைத்தாள்.

“தின்னு.”

“கப் ஒண்ணுதானேக்கா?”

“கப் ஒண்ணுதான். ஒரு வாளி தண்ணிய தூக்கு, அதே வாளில பஞ்சை அடைச்சுத் தூக்கு. அப்புறம் வந்து பேசு.”

சனிக்கிழமை இன்னொரு வாய்ப்பு தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். அதோடு சரி.

இந்த முறை மாவையே நிறுத்தான். நூற்று இருபத்திரண்டு. சந்தேகத்துக்கு மறுபடி அள்ளச் சொன்னான். நூற்று நாற்பத்தெட்டு. இன்னொரு தடவை, நூற்று முப்பது.

“ஏன்க்கா கப்ப மேடைல தட்டுற?”

“நான் எங்கடா தட்டினேன்?”

“இப்பதான் ரெண்டு தட்டு தட்டின. மாவு அமுங்குதுல்ல.”

“பதினெட்டு வருஷமா இப்படித்தான் அள்றேன். உன் தராசுக்கு என்ன கேடோ.”

சொல்லிவிட்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி கத்தியால் வழித்துச் சமன்செய்து நீட்டினாள். நூற்றுப் பதினெட்டு. அந்தக் கணக்கில் சுட்ட கேக் நடுவில் குழி விழுந்து படுத்துக்கொண்டது. அவனுக்குத் தராசைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது. அவன் பார்க்கிற வரை அக்கா அக்காவாக அள்ள மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலைக்கு அடுத்த வீட்டில் கேக் கேட்டிருந்தார்கள். அவள் குளிக்கப் போன நேரத்தில் மாவு டப்பாவைத் தூக்கித் தராசில் வைத்தான். ஐயாயிரத்து இருநூற்றுப் பத்து. சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் நிறுத்துக் குறித்துக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்தான். வழக்கம்போல நாத்தனார் போனில் வந்தாள். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அள்ள ஆரம்பித்தாள்.

“ஆமாம் அண்ணி, எனக்குத் தலைக்கனம்தான்.” டொக். “உங்க அம்மா குடுத்த சீரை நான் எங்க முழுங்கினேன்?” டொக், டொக்.

அக்கா கேக்கைக் கொடுக்கப் போன பிறகு எல்லாவற்றையும் மறுபடி நிறுத்தான். மாவு டப்பா அறுநூற்று இருபது கிராம் குறைந்திருந்தது. கப்புக்கு நூற்று ஐம்பத்தைந்து. நாத்தனார் பேசாத நாளில் அவள் கேக் செய்ததே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தக் கேக்கே ஆத்திரத்தின் அளவில் நின்றிருக்கிறது.

சனிக்கிழமை கேண்டீன் சமையல்காரர் காகிதத்தைப் பார்த்துச் செய்தார். கேக் அச்சு அசலாக வந்தது. மேலாளர் இரண்டு துண்டு தின்றுவிட்டு, பேனாவால் ஓரிடத்தில் வட்டம் போட்டார்.

“உப்பு ஒரு சிட்டிகைன்னு இருக்கு. இவர் கை கரண்டி மாதிரி. கிராம்ல எழுதிட்டு வாங்கம்மா, திங்கக்கிழமையே சேந்துக்கலாம்.”

ஒரு சிட்டிகையைத் தராசு மதிக்கவே இல்லை. பூஜ்யம் என்றது. ஐம்பது சிட்டிகை போட்டு ஐம்பதால் வகுக்கலாம் என்றான் தம்பி. அக்கா முறைத்துக்கொண்டே தட்டில் போட்டாள். அவன் எண்ணினான். முப்பத்தொன்றில் போன் அடித்தது.

“எடுக்காதக்கா. உன் கால்ல விழறேன்.”

அவள் எடுத்தாள்.

“சொல்லுங்க அண்ணி.”

முப்பத்திரண்டாவது சிட்டிகைக்கு மூன்று விரலோடு நாலாவதும் சேர்ந்தது. தம்பி தட்டிலிருந்த உப்பை டப்பாவில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான். போனை வைக்கச் சொல்லவில்லை.