தடுப்புக்கு வெளியே ஓடிய செயின்

மாப்பிள்ளையின் கையில் கருப்பு ஒட்டி நான் பார்த்ததே இல்லை. சைக்கிளுக்குக் கியரும் செயினும் செய்கிற கம்பெனியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு நகக்கண் அவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுகிற முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால் வாசல் காவலாளியிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லையே என்பார்கள். சென்ட்டை அள்ளிப் பூசிக்கொண்டு வருவார். அது எண்ணெய் வாடையோடு கலந்து லிஃப்டுக்குள் நிற்கும்போது எனக்குக் குமட்டும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தெரியும். ஆனால் இந்த ஆளைப் பற்றிச் சொல்வதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

நான் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனிக்கு நாற்பது வயது ஆகிறது என்று ஒரு விழா வைத்தார்கள். இதுவரை செய்த பாகங்களை வரவேற்பறைச் சுவரில் வரிசையாக மாட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கீழே நான் ஒரு அட்டை எழுத வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பாகங்கள். முதலாவது, பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம். மேட்டில் ஏறினாலும் அதுதான், பள்ளத்தில் இறங்கினாலும் அதுதான். பிறகு அது மூன்றாகி ஐந்தானது. செயினை ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ள ஒரு இரும்புக் கை வந்தது. அதுதான் கியர் மாற்றி. அதை இழுக்கிற நெம்புகோல் முதலில் சைக்கிளின் சட்டத்தில் இருந்தது, ரோட்டுப் பந்தயக்காரன் ஒரு கையை விட்டுக் குனிந்து அதைத் தேட வேண்டும். பிறகு பிரேக் பிடிக்கே ஏற்றினோம். அது நல்ல வேலை, ஒப்புக்கொள்கிறேன்.

மலைச் சைக்கிள் கதை வேறு. முன்னால் பெடலோடு சுற்றுகிற பல்வட்டு மூன்று வைத்து, மூன்று இருந்தால்தான் மலை ஏறலாம் என்று விற்றோம். பிறகு இரண்டே போதும் என்று விற்றோம். அப்புறம் ஒன்றுதான் புத்திசாலித்தனம் என்று சொல்லி, பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பல்சக்கரத்தை மாட்டி விற்றோம். பின்னால் பல்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூட செயின் மெலிந்துகொண்டே போனது. போன வருடம் வாங்கியவனுக்கு இந்த வருடத்துச் சாமான் உட்காராது. அவன் வந்து கத்தினால் ‘வளர்ச்சி’ என்று ஒரு துண்டுத் தாளை நீட்டுவோம். அந்தத் தாளை எழுதியவன் நான். ஒன்பது பல்சக்கரத்துக்கும் புரட்சி என்று எழுதினேன், பத்துக்கும் புரட்சி என்று எழுதினேன், பன்னிரண்டுக்கும் அதையேதான் எழுதினேன். சில நாள் எழுதி முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவுவேன்.

சுவரில் எட்டாவது பாகம் மட்டும் அப்படியில்லை. அது என் அக்கா செய்தது.

அக்கா சோதனை அறையில் வேலை செய்கிறாள். கட்டிடத்தின் கோடியில், கழிப்பறைக்கு அடுத்த அறை. அங்கே ஒரு இயந்திரம் நாள் முழுக்கச் செயினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை அக்கா அதன்மேல் மணலும் சேறும் கலந்த தண்ணீரை ஒரு குவளை ஊற்றுவாள். எத்தனை மணி நேரத்தில் எது தேய்கிறது என்று எழுதுவாள்.

பன்னிரண்டு வருடம் முன்பு எங்கள் முதல் ஒற்றை வட்டு மலைக் கியர் கடைகளிலிருந்து திரும்பித் திரும்பி வந்தது. கல்லில் குதித்தால் கியர் மாற்றியின் இரண்டு குட்டிச் சக்கரங்களுக்கு நடுவே செயின் துள்ளி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. வடிவமைப்புப் பிரிவில் ஆறு பேர் ஆறு மாதம் மூளையைக் கசக்கினார்கள். அக்கா உடைந்த ரம்பத் தகட்டில் ஒரு துண்டை எடுத்தாள். விரல் நக அளவுக்கு அராவி, குட்டிச் சக்கரங்களுக்கு இடையில் குறுக்கே ஒரு தடுப்பாக வைத்து அடித்தாள். செயின் அந்தத் தடுப்புக்கு உள்பக்கமாக ஓட வேண்டும். ஓடினால் எந்தக் கல்லில் குதித்தாலும் வெளியே வராது. அந்தக் குட்டிச் சக்கரங்களைத் தாங்குகிற கூட்டையும் அதற்குத் தகுந்தபடி அவளே மாற்றிக் கட்டம் போட்ட நோட்டில் வரைந்தாள். மாப்பிள்ளை அந்த நோட்டை, “பெரியவர்கிட்ட காட்டிட்டுத் தர்றேம்மா” என்று வாங்கிப் போனார். அதோடு சரி. நோட்டும் வரவில்லை, பேரும் வரவில்லை. அந்த மாடல்தான் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அக்கா என் மேசைக்கு வந்தாள்.

“சோதனை அறையை மூடறாங்கடா. இனிமே வெளிய கொடுத்து சோதிப்பாங்களாம். என்னை பேக்கிங்குக்கு மாத்தறாங்க.”

“பேக்கிங்கா? இருவது வருஷம் வேலை பாத்துட்டா?”

“வடிவமைப்புல ஒரு இடம் காலியா இருக்கு. எழுதிப் போட்டிருக்கேன். ‘இதுவரை வடிவமைத்தது’ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. எட்டாம் நம்பர்னு எழுதினேன். மாப்பிள்ளை அதைக் கோடு போட்டு அடிச்சு மேல அனுப்பியிருக்காரு. கடைசி முடிவு பெரியவரோடது.” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “நான் போய்ச் சொன்னா பொறாமையில பேசறேம்பாங்க. கம்ப்யூட்டர்ல அதை வரைஞ்சவன் நீ. பெரியவர் கேட்டார்னா உள்ளதைச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“கேட்கட்டும்க்கா. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி நானே அந்தாளைக் கேக்கறேன்.”

“நாலெல்லாம் வேண்டாம். ஒரு வார்த்தை போதும். அந்தப் படத்துல யார் பேருடா இருக்கு?”

“பழைய ஃபைல். தேடணும்க்கா.”

தேட வேண்டியதே இல்லை. அந்தப் படத்தை வரைந்தபோது நான் வடிவமைப்புப் பிரிவில் தற்காலிக வேலையில் இருந்தேன். ‘வடிவமைத்தவர்’ என்ற இடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை பின்னாலிருந்து தன் பெயரைச் சொன்னார். நான் அதையே டைப் அடித்தேன். அடுத்த மாதம் விளம்பரப் பிரிவில் வேலை நிரந்தரமானது. அக்காவுக்கு இது தெரியாது என்று பன்னிரண்டு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையை நான் இவ்வளவு திட்டுவதில் பாதி அதனால்தானோ என்னவோ.

எட்டாவது அட்டையில் அக்காவின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டினேன். அன்று எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. மறுநாள் மாப்பிள்ளை சுவரைப் பார்க்க வந்தார். ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே வந்து எட்டாவதில் நின்றார். கோபப்படவில்லை. கட்டை விரலை நாக்கில் தொட்டு, அந்த எச்சிலை அட்டையின் ஓரத்தில் தேய்த்து, பொறுமையாக உரித்தார்.

“பிரிவுத் தலைவர் பதவிக்கு உன் பேரு போயிருக்காமே தம்பி? சந்தோஷம். நல்லா எழுதற கை.”

உரித்த அட்டையைக் கசக்கி என் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஈரம் சட்டையில் பட்டது. வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். விழாவன்று அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

காலை பதினோரு மணிக்கு வரவேற்பறை நிறைந்திருந்தது. ஊர் ஊராகச் சைக்கிள் கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். சுவருக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டில் பாதிச் சைக்கிள் நின்றது. எட்டாம் நம்பர் கியர் மாற்றி அதில் பூட்டியிருந்தது, செயின் கோக்காமல் தொங்கியது. முதன்முதலில் செய்ததுபோல் தன் கையாலேயே கோத்துக் காட்டப்போவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்த அக்கா துடைக்கும் துணியோடு ஓரமாக நின்றாள்.

“ஆறு மாசம் ராத்திரி பகல் தூங்கலீங்க,” என்றார் மாப்பிள்ளை மைக்கில். “கனவுலகூட செயின்தான். வீட்டுல சண்டை. கடைசியில ஒரு நாள் இதே கையால...”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லிய கறுப்புக் கையுறையைப் போட்டார். பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செயினைப் பின் பல்சக்கரத்தில் போட்டார். மேல் குட்டிச் சக்கரத்தில் சுற்றினார். அங்கிருந்து கீழ்ச் சக்கரத்துக்கு இறக்கும்போது தடுப்புக்கு வெளிப்பக்கமாக இறக்கினார். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அவளுடைய கை தானாக முன்னால் போனது. முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“விடுக்கா. சுத்தட்டும்.”

செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற கண்ணியை மாட்டிப் பெடலைச் சுற்றினார். கர்ர்ர் என்று இரும்பு இரும்பைத் தின்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. முன்வரிசைக் கடைக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “வெளிய கோத்திருக்காரு” என்றார். மாப்பிள்ளை சுற்றுவதை நிறுத்தவில்லை.

“கேக்குதுங்களா? உறுதியான சாமானோட சத்தம் இது.”

கைதட்டினார்கள். தெரிந்தவர்களும் தட்டினார்கள், அதுதான் கொடுமை. மதியச் சாப்பாடும் வியாபாரத் தள்ளுபடியும் இருக்கும்போது காது எதற்கு?

பெரியவர் மட்டும் தட்டவில்லை. முதலாளியாவதற்கு முன் அவர் சைக்கிள் ரிப்பேர் கடையில் கிடந்தவர். எழுந்து ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தார். அக்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. என் கையை உதறிவிட்டுப் போய்ப் பெடலை நிறுத்தி, கண்ணியைக் கழற்றி, செயினைத் தடுப்புக்கு உள்ளே விட்டு மாட்டினாள். எல்லாம் ஒரு நிமிடம். பெடலைச் சுற்றியபோது சத்தமே இல்லை.

“தடுப்பு தேஞ்சிடும் சார்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

“டீம் ஒர்க்,” என்று மைக்கில் சிரித்த மாப்பிள்ளை எல்லோரையும் சாப்பாட்டுக்குப் போகச் சொன்னார். கூட்டம் கலைந்தது. பெரியவர் நகரவில்லை. அக்காவின் கருத்த விரல்களைப் பார்த்தார், மருமகனின் கையுறையைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். நாங்கள் நாலு பேர்தான் அங்கே நின்றோம்.

“இதைப் படம் போட்டது நீதானே தம்பி?”

“ஆமா சார்.”

“இந்தம்மா சொன்னா இவர் இல்லம்பாரு. இவர் சொன்னா இந்தம்மா இல்லம்பாங்க. நீ சொல்லு. இதைச் செஞ்சது யாரு?”

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. அட்டை பையில் இருந்தது, அதை எடுத்து நீட்டியிருந்தால்கூடப் போதும். மாப்பிள்ளை என்னை மிரட்டவில்லை, முறைக்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்துச் சும்மா புன்னகைத்தார். படத்தில் இருக்கிற பெயரை அடித்தது யார் என்ற கேள்வி அடுத்து வருமே என்று எனக்குத் தோன்றியது. பிரிவுத் தலைவர் பதவியும் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

“எல்லாருமா சேர்ந்து செஞ்சதுதான் சார்,” என்றேன்.

“எல்லாரும்னா?”

பெரியவர் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். அது எனக்குப் புரிந்தது.

“டீம் சார். கம்பெனியோட கூட்டு முயற்சி.”

என் அட்டைகளில் எழுதுகிற வாக்கியம், தடங்கலில்லாமல் வாயில் வந்தது. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் இத்தனை காலம் மாப்பிள்ளையைப் பார்த்துச் சுளித்த அதே சுளிப்பு அவர் முகத்தில் இருந்தது. திரும்பிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை கையுறையை உரித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

நாலு மணிக்கு உத்தரவு வந்தது. வடிவமைப்பில் முன் அனுபவம் இல்லாததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, திங்கள் முதல் பேக்கிங். அக்கா சோதனை அறையிலிருந்து தன் அரம், குறடு, அளவுகோல் எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு என் மேசை வழியாகத்தான் போனாள். நான் எழுந்து நின்றேன். சொல்ல நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன், மேலே எழுதுகிறேன் என்றெல்லாம்.

“சாப்டியா?” என்றாள்.

“இல்லக்கா.”

பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

“அன்னிக்கு நீ அவர் பேரை அடிக்கும்போது நான் கதவுகிட்டதான் நின்னேன். என்னோட நோட்டைக் கேக்க வந்திருந்தேன். சின்னவன், வேலை இன்னும் உறுதியாகல, பயந்துட்டான்னு நெனச்சுத் திரும்பிப் போயிட்டேன். பன்னண்டு வருஷமா உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள்.

“இன்னிக்கு என்னடா பயம் உனக்கு?”

பேக்கிங் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போனாள்.