சீப் கெஸ்ட் ஓடக்கூடாது

கப்பல் ஏஜெண்டிடம் கிளார்க்காக இருந்த விக்டர், உப்பு ஏற்ற வந்த கப்பலிலிருந்து ஒரு பெரிய ஆளைப் பிடித்துக்கொண்டு வந்தான். பெயர் ஹப்தே. எத்தியோப்பியாக்காரன். ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் அவன் நாட்டில் அவனை அடிக்க ஆளில்லை. அடிஸ் அபாபாவில் முடிவெட்டும் கடைகளிலெல்லாம் அவன் படம் தொங்குமாம். பஸ்ஸில் டிக்கெட் கேட்கமாட்டார்களாம்.

போன வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸுக்குப் போய் இறங்கினான். ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணித்ததில், ஓடாமலே வீட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். ஓடாமல் வந்தவனுக்கு ஊரில் பேர் இன்னும் கூடிப்போனது. பள்ளிக்கூட விழா, பட்டாளத்து விழா என்று பரிசு கொடுக்கவே கூப்பிட்டார்கள். ஓடச் சொல்ல ஒருவரும் இல்லை. வெறுத்துப்போய்க் கப்பல் வேலைக்கு வந்துவிட்டான்.

இங்கேயும் மாதா கோயில் திருவிழா ஓட்டப் பந்தயத்துக்கு அவன்தான் சீப் கெஸ்ட். விழாக் கமிட்டிச் செயலாளரும் விக்டர்தான்; அவன் ஏற்பாடு. ஆனால் ஹப்தே, “நானும் ஓடுகிறேன், ஒரே ஒரு போட்டி” என்று இங்கிலீஷில் கெஞ்சினான். விக்டர் அதைக் கமிட்டித் தலைவர் சுந்தரராஜிடம் கொண்டுபோனான்.

“அண்ணாச்சி, இவரு ஓடணும்னு சொல்லுதாரு.”

“கிறுக்குப் பயலே, சீப் கெஸ்டு எங்கனயாவது ஓடுவாரா? போன வருசம் தாசில்தார் வந்தாரே, ஓடுனாரா?”

“அவரு நாற்காலிய விட்டு எந்திரிக்கவே ரெண்டு ஆள் வேணும், அண்ணாச்சி.”

“வாய மூடுலே. இவரு ஓடி ஜெயிச்சா பரிச யாரு கொடுக்க? இவருக்கு இவரே கொடுத்துக்கிடுவாரா?”

விக்டர் திரும்பி வந்தான். “அடுத்த தடவை பார்க்கலாம்” என்று ஹப்தேயிடம் சொன்னான்.

“மாண்ட்ரியலிலும் இதைத்தான் சொன்னார்கள்” என்றான் ஹப்தே.

பந்தயத்தன்று மத்தியானமே மரியாதை தொடங்கியது. கமிட்டியில் நாலு பேர். ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாவிட்டால் திருவிழா முடியும்வரை பேச்சுவார்த்தை இருக்காது. ஆகவே நாலு வீட்டிலும் சீலா மீன் குழம்பு, நாலு வீட்டிலும் மறுசோறு. மேடையேறினால் மாலை, சால்வை, பன்னீர் சோடா, ஒரு தட்டு முந்திரி மக்ரூன்.

விசில் ஊதி ஓட்டத்தைத் தொடங்கி வைக்கச் சொன்னார்கள். ஹப்தே ஊதினான். ஊதிய கையோடு மேடையிலிருந்து குதித்தான்.

“ஏலே, சீப் கெஸ்டு ஓடுதாருலே!”

“பிடிங்கலே, சால்வையோட போறாரு” என்று தலைவர் மைக்கில் கத்தினார்.

கால்பந்து மைதானத்தை நாலு சுற்று ஓட வேண்டும். முதல் இரண்டில் ஹப்தேக்கு முன்னால் காற்றுதான் இருந்தது. பின்னால் வந்த பையன்கள் மாலையிலிருந்து உதிர்ந்த பூவை மிதித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றாவது சுற்றில் சீலா மீன் வேலையைக் காட்டியது. நாலாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ரோச், கும்பிடுவதா முந்துவதா என்று தெரியாமல், இரண்டையும் செய்துவிட்டுப் போய் ஜெயித்தான்.

இரண்டாவதாக வந்த ஹப்தே கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தான். சால்வையில் வாயைத் துடைத்துக்கொண்டு மேடையேறி, ரோச்சுக்கு எவர்சில்வர் குடத்தைக் கொடுத்தான்.

“பாத்தியாலே, பரிசு கொடுக்க ஆளு இருக்காரு” என்று தலைவர் நிம்மதியானார்.

ஹப்தே கீழே இறங்கினான். வேர்த்து நின்ற பையன்களோடு போய் வரிசையில் நின்றான்.

“இப்ப என்னலே செய்ய?” என்றார் தலைவர்.

“ரெண்டாம் பரிச நீங்கதான் கொடுக்கணும், அண்ணாச்சி.”

விக்டர் மைக்கைப் பிடித்தான். சீப் கெஸ்ட் என்று சொல்லவில்லை. “ரெண்டாம் பரிசு, ஹப்தே” என்றான்.

அலுமினியத் தூக்குச்சட்டியை வாங்க அவன் ஓடியே வந்தான்.