முப்பத்தோராம் நாள் கஞ்சி

"கதவைத் தொறங்க, அத்தா."

பெருநாள் கழிந்த வாரத்தில், அந்தி மக்ரிப் நேரத்தில், எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். பேச்சு வந்த நாளிலிருந்தே எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நோன்பு மாதம் முழுக்க ஷைத்தானுக்கு விலங்கு. பிறை தெரிந்ததும் விலங்கு கழன்றுவிடும். முப்பது நாள் கட்டுண்டு கிடந்த ஆத்திரத்தில் அது நேரே தொழுகையாளி வீட்டு வாசலுக்குத்தான் வரும். தட்டினால் திறக்காதே. திறக்கச் சொல்லி வாயாலும் கேட்காதே.

டொக். டொக். டொக்.

மரத்தில் கொட்டாங்குச்சி படுகிற சத்தம். பெருநாள் அன்றைக்கு ஆரம்பித்தது. இன்றைக்கு நாலாம் நாள்.

அத்தா திரும்பிப் பார்க்கவில்லை. அரியூர் நாட்டில் மிளகு வாங்கித் தலைச்சுமையாகக் கீழே இறக்கும் வியாபாரி அவர். மலையில் எங்களுடையது ஒன்றுதான் ராவுத்தர் வீடு. "காலேஜுல பேயைப் பத்தி என்ன பாடம் வெச்சாங்க, மைமூனு?" என்றார்.

"தர்க்கம் வெச்சாங்க. ஷைத்தான்னா அதுக்கு எதுக்குக் கொட்டாங்குச்சி? அதுக்குப் பசிக்குமா?"

அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். அவள் கையில் புளி வாசம். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய செம்புத் தேக்சாவைப் புளி போட்டுத் துலக்கிப் பரணில் கவிழ்த்துவிட்டாள். இனி அடுத்த வருஷம்தான் இறங்கும். அத்தா முப்பது நாளில் ஓதி முடித்த குர்ஆன் பட்டுத்துணிக்குள் போய் மேல் தட்டில் இருந்தது. பாங்குக்கு முன்னால் எழுந்தவர் இன்று வெயில் ஏறித்தான் எழுந்தார். ஷைத்தானைக் கட்டி வைத்திருக்கிற மாதத்தில் நல்லவராக இருப்பது என்ன பெரிய சாமர்த்தியம்?

ஆனால் அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன வருஷம் தாழ்ப்பாளைப் போட்டது என் கை. எங்கள் வம்சத்தில் முதன்முதலாக பி.ஏ. எழுதிய கை.

அந்த வருஷம் யுத்தத்தில் அரிசி மலை ஏறவில்லை. சாமையில்தான் நோன்புக் கஞ்சி காய்ச்சினோம். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணக்க, தேக்சா வாசலில் இருக்கும், கதவு விரியத் திறந்திருக்கும். எங்களிடம் மிளகு புடைக்க வந்த கண்ணாயி தினமும் அந்தியில் கொட்டாங்குச்சியோடு வந்து நிற்பாள். முப்பதாம் நாள் என்னிடம் கேட்டாள்: "நாளைக்கும் உண்டுங்களா, சின்னம்மா?"

"உண்டு, வா" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது.

மறுநாள் பெருநாள். அந்தியில் கதவு தட்டப்பட்டது. முப்பது நாளும் திறந்து கிடந்த கதவை அவள் தட்டியதே இல்லை. அதனால் அது அவள் தட்டல் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அத்தா என்னைப் பார்த்தார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். மூன்று பேரும் ஷைத்தானை விரட்டும் ஆயத்துல் குர்ஸி ஓதினோம், சத்தமாக, அது ஓடிப்போகட்டும் என்று. போயிற்று.

மூன்றாம் நாள் அவள் புருஷன் முத்தன் வந்தான். "மலைக்காச்சலுங்க. தொண்டை கட்டிப் பேச்சே வரல. ராவுத்தரூட்டுல இன்னிக்கும் உண்டுன்னு சின்னம்மா சொன்னாங்கன்னு எந்திரிச்சுப் போனாளுங்க. எங்க ஊருக்குக் கீழ, பலா மரத்தடியில வெறைச்சுக் கெடந்தா. கொட்டாங்குச்சி நெஞ்சு மேல இருந்துச்சு." அவன் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த வருஷ நோன்பில் அவர்கள் ஊரிலிருந்து ஒருத்தரும் கஞ்சிக்கு வரவில்லை. முப்பது நாளும் தேக்சா நிறைந்தபடியே மாட்டுத் தொட்டிக்குப் போனது. பெருநாள் அந்தியில் தட்டல் வந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். படியில் ஈரமான ஒரு வட்டம், கொட்டாங்குச்சி அளவுக்கு. சுற்றிலும் மழைச்சேறு. அதில் ஒரு கால் தடமும் இல்லை.

டொக். டொக். டொக்.

பெருநாளுக்கு மறுநாளிலிருந்து வைக்கும் ஷவ்வால் ஆறு நோன்பில் நான் மூன்றாவது நோன்பில் இருந்தேன். பேரீச்சம்பழம் ஒன்றை வாயில் போட்டு, தண்ணீர் குடித்தேன். தொழுதேன். பிறகு பரணில் ஏறி தேக்சாவை இறக்கினேன்.

"ஆறு நோன்பு வை, வேணாங்கல. அதை எதுக்கு எடுக்கறே?" என்றார் அத்தா.

மத்தியானமே அம்மாவுக்குத் தெரியாமல் மண்சட்டியில் காய்ச்சி, கொல்லையில் தணல் மேல் வைத்திருந்த சாமைக் கஞ்சியை அதில் ஊற்றினேன். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"வெளிய நிக்கறது கண்ணாயின்னா, அவகிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. உசிரோட இருக்கற வேற யாரோன்னா, கஞ்சி இருக்கு. ரெண்டுக்கும் கதவைத் தொறக்கணும்."

"அது ரெண்டும் இல்லேன்னா?" என்றார் அத்தா.

"அது என்னவா இருந்தாலும், போன வருசம் நாம செஞ்சதுக்கு மேல என்னத்தா செஞ்சிரும்?"

அத்தா வாசற்படியைக் கைகாட்டினார். "படி தாண்டினா இந்தக் கதவு உனக்கும் தொறக்காது, மைமூனு."

அதை அவர் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மேலே, முத்தன் ஊருக்குப் போகிற வழியில் உள்ள எங்கள் பழைய மிளகுக் கொட்டகையில் தொழுகைப்பாயையும் ஒரு மூட்டைச் சாமையையும் காலையிலேயே கொண்டு போய் வைத்துவிட்டு வந்திருந்தேன். அடுப்புக் கல்லும் மூன்று வைத்தாயிற்று. அந்தக் கொட்டகைக்குத் தாழ்ப்பாள் இருந்தது. அதையும் கழற்றி எறிந்துவிட்டேன்.

தேக்சாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை. பனிமூட்டம் படி வரைக்கும் வந்திருந்தது. படியில் ஒரு கொட்டாங்குச்சி, நிமிர்ந்து, காலியாக. அதில் கஞ்சி ஊற்றினேன். ஊற்றின சூட்டில் ஆவி கிளம்பி, யாரோ ஊதினது போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"மைமூனு" என்றாள் அம்மா, மெதுவாக.

மேலே, பனிக்குள், கொட்டகைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் இல்லாத அந்தக் கதவை, தள்ளினாலே திறக்கும் கதவை, யாரோ தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டொக். டொக். டொக்.

"வாரேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.