பெயர் எழுத இடமில்லாத வேலை

எங்கள் தென்கரை நகரில் வீட்டு வரி உயர்ந்த ஆண்டில்தான் பூங்காவின் பொறுப்பும் எங்களிடம் வந்து சேர்ந்தது. பாளையங்கோட்டையின் ஓரத்தில், வாய்க்காலுக்கும் சாலைக்கும் நடுவே, புங்கமும் பூவரசும் நிழல் தர, நாற்புறமும் நடைபாதை சுற்றிவரும் சிறிய பூங்கா அது. மாநகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் தன்மையாகவே பேசினார். தண்ணீரையும் மின்சாரத்தையும் தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும், அன்றாடம் பெருக்கும் ஆளுக்கு மட்டும் இனிக் குடியிருப்போர் சங்கம் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் போன பிறகு எங்களுக்குக் கோபம் வந்தது.

"வரியும் கூட்டுவானுவளாம், வெளக்குமாத்தையும் நம்ம கையில குடுப்பானுவளாம். நல்லாருக்குவே நியாயம்!" என்றார் சங்கச் செயலாளர் ஹெப்ரான். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் அவர் குரலுக்கு மறுகுரல் எழுவது அரிது.

கடைசி நாற்காலியில் இருந்த ஜுபைதா பீவிக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

அவர் கணவர் அகமது மீரான் சவுதியின் தம்மாமில் நெடுங்காலம் லாரி ஓட்டியவர். ஊர் திரும்பிய மறுவருடமே பக்கவாதம் வந்து வலது காலை இழுத்துவிட்டது. அந்தக் காலில் செருப்பு நிற்பதில்லை. சமமான தரையில் வெறுங்காலோடு நாள் தவறாமல் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டு வாசலையோ மினி பஸ் உரசிக்கொண்டு போகும். ஆகவே பூங்காவை விட்டால் அவருக்கு வேறு இடம் இல்லை. அங்கே மாரிக்கண்ணு என்ற பெண் விடியும்போதே முள்ளும் சருகும் இல்லாமல் பாதையைப் பெருக்கி, குழாயடியில் படியும் பாசியையும் தேய்த்துக் கழுவிவிடுவாள். அந்தத் தரையில் முதலில் மனைவியின் தோளைப் பிடித்தும், பின்பு அவர் சுட்டுவிரலை மட்டும் பிடித்தும் நடந்து தேறிய மீரான், தமக்குள் ஓர் உறுதி செய்துகொண்டார். வருகிற ஹஜ்ஜுப் பெருநாளன்று யார் கையையும் பிடிக்காமல் பள்ளிவாசலுக்குத் தொழப் போக வேண்டும் என்பதே அது.

"சார்வாள், நீங்க வேணாப் பாருங்க. இன்ஷா அல்லாஹ், பைய நடந்தாவது போயிருவேன்" என்பார் என்னிடம். கோணிய வாயில் அந்தச் சொற்கள் குழறினாலும், அப்போது அவர் முகத்தில் பழைய லாரிக்காரர் தெரிவார்.

எனவே ஜுபைதா பீவி எழுந்து கேட்டார். "அண்ணாச்சி, வீட்டுக்கு வீடு மாசாமாசம் கொஞ்சம் போட்டா மாரிக்கண்ணு சம்பளத்தக் குடுத்திரலாம்லா?"

"குடுத்தா என்ன ஆவும் தெரியுமாக்கா? இவனுவ குடுப்பானுவன்னு கண்டுகிட்டு, அடுத்த வருசம் தெருவிளக்கையும் நம்ம தலையில கட்டுவானுவ. வரி கட்டுதோம்லா? அதுக்கு மேல அஞ்சு பைசா கூடாது. இது கொள்கை." சொல்லி நிறுத்திய ஹெப்ரான், மார்பை நிமிர்த்திக்கொண்டு தொடர்ந்தார். "அதுக்காவ பூங்காவ நான் விட்டுருவேன்னு நினைக்காதீய. எங்கம்மை பேர்ல ஒரு சிமெண்டு பெஞ்சு போடுதேன்."

கைதட்டல் வாய்க்கால் வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்கள் பக்கத்து மனிதர்களைக் கருமிகள் என்று யாரும் சொல்ல முடியாது. கோயிலில் டியூப்லைட் கொடுப்போம். உபயதாரர் பெயர் வெளிச்சத்தில் பாதியை மறைக்கும். மாதா கோயிலில் மின்விசிறி கொடுப்போம்; மூன்று இறக்கைகளிலும் மூன்று பெயர்கள் சுழலும். பள்ளிவாசல் சுவரிலும் கடிகாரத்துக்கு அடியில் ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கும். கொடுப்பதற்கு மனம் உண்டு. கொடுத்தவர் பெயரோ, அவரைப் பெற்றவர் பெயரோ தங்க ஓர் இடம் வேண்டும். வரியில் அந்த இடம் இல்லை. துடைப்பத்திலும் இல்லை.

ஹெப்ரானின் பெஞ்சுக்குப் பின் வேறு பெஞ்சுகள் வந்தன. மருந்துக்கடை தொம்மை தம் தகப்பனார் நினைவாக ஒரு வளைவு கட்டினார். யாரோ சிமெண்டு மயில் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சம்பளம் இல்லாமல் சில வாரம் வந்துகொண்டிருந்த மாரிக்கண்ணு, ஒருநாள் ஜுபைதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் என்னக்கா செய்ய? கல்யாண மண்டபத்துல கூப்பிடுதாவ. பிள்ளையளுக்குக் கஞ்சி ஊத்தணும்லா?"

அடுத்த கூட்டத்தில் நான் ஒரு கதை சொன்னேன். ஒரு காட்டில் விலங்குகள் கூடிக் குளம் வெட்டின. யானை கல்படி கொடுத்தது. கரடி மண்டபம் கட்டியது. மான்கள் தோரணவாயில் வைத்தன. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியாயிற்று. தண்ணீர் வரும் கால்வாய் தூர்ந்தபோது, அதை வார வேண்டும் என்றது ஆமை. வாரிய மண்ணில் பெயரை எங்கே வெட்டுவது என்று மற்றவை கேட்டன. கோடை வந்தது. அவ்வளவு விலங்குகளும் நாக்கு வறள அவரவர் கல்வெட்டின்முன் நின்று தம் பெயரை வாசித்துக்கொண்டிருந்தன.

"பிரமாதம் சார்வாள்!" என்றார் ஹெப்ரான். "அந்த யானை யாருன்னு சொல்லுங்க, நம்ம தொம்மைதான?"

"ஒம்ம தொந்திய விடவாவே நான் யானை?" என்றார் தொம்மை.

சிரிப்போடு கூட்டம் கலைந்தது. ஜுபைதா பீவி மட்டும் சிரிக்காமல் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவரே துடைப்பத்தோடு வந்தார். முந்தானையை இழுத்துத் தலையில் செருகிக்கொண்டு, கணவர் நடக்கும் பாதையைக் குனிந்து பெருக்கினார். நடைப்பயிற்சிக்கு வந்த ஹெப்ரானுக்கு மனம் கேட்கவில்லை.

"என்னக்கா இது? நீங்க பெருக்குனா சங்கத்துக்குத்தான கேவலம்?"

"கேவலம்னா சங்கம் பெருக்கட்டும் அண்ணாச்சி. கொஞ்சம் காலத் தூக்குங்க, சருகு கிடக்கு."

ஹெப்ரான் காலைத் தூக்கினார். ஆனால் துடைப்பத்தை வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை.

கடைசியாக வந்த பெஞ்சுக்குக் குழி தோண்டியபோது குழாயில் விரிசல் விழுந்துவிட்டது. பெஞ்சு கொடுத்தவர் அது மாநகராட்சிக் குழாய் என்றார். மாநகராட்சியில் சொல்ல வேண்டியது செயலாளர் என்று எல்லோரும் நினைத்தோம். உடைத்தவர் சொல்லியிருப்பார் என்று செயலாளர் நினைத்தார். கசிந்த நீரில் பாதை நெடுகப் பாசி பிடித்தது. ஜுபைதா பீவி நாள்தோறும் அதைத் தேய்த்தார். நாள்தோறும் அது திரும்ப வந்தது.

பெருநாள் நெருங்கிய ஒரு காலையில் அவருக்குக் காய்ச்சல். போர்த்திக்கொண்டு படுத்திருந்தவரை எழுப்ப மனமில்லாமல், மீரான் தனியாகவே பூங்காவுக்கு வந்துவிட்டார். விரலைப் பிடிக்காமல் ஒரு சுற்று முடித்துவிட்டு, அதை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்க வேண்டும். குழாயடியைத் தாண்டும்போது வலது கால் வழுக்கியது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கி, பக்கத்துப் பெஞ்சில் கிடத்தினோம். அது ஹெப்ரான் தம் தாயார் பெயரில் போட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் செய்தித்தாளை மடித்து மீரானுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை நிறுத்தவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த பின், இனி நடப்பது இயலாது என்று மருத்துவர் ஜுபைதா பீவியை மட்டும் அழைத்துச் சொன்னார். அவர் அதைக் கணவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

பெருநாள் காலையில் ஹெப்ரானும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தக்பீர் முழக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. மீரானுக்குப் புதுச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார் ஜுபைதா. ஹெப்ரான் கட்டிலருகே நின்று, ஜுபைதாவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அக்கா, வீடு வீடாப் போய்ப் பேசிட்டேன். எல்லாரும் சரின்னுட்டாவ. மாரிக்கண்ணு இன்னைக்கு வேலைக்கு வந்துட்டா. குழாயையும் அடைச்சாச்சு."

மீரானின் கண்கள் ஒளிர்ந்தன.

"அப்போ பாதை பெருக்கியாச்சா?" என்று குழறிக் கேட்டார்.

ஜுபைதா பீவி குனிந்து கணவரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

"பெருக்கியாச்சுங்க. நல்லாக் கழுவியும் விட்டாச்சு. இந்த வெயில் தாழட்டும், போவலாம்."

மீரான் சரி என்று தலையசைத்தார். பிறகு போர்வையை விலக்கி, வலது கால் பெருவிரலை ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.