நடுவிலிருந்து ஆறாவது

1

இந்தக் கதை என் மனத்தில் தானாக ஊறியது என்று நான் எங்காவது பேட்டி கொடுத்தால் நம்பாதீர்கள். சிறுவர் இதழ் நடத்தும் ஒருவர் போன் செய்து கேட்டார், அவ்வளவுதான்.

"குழந்தைங்க பல்லைப் பத்தி ஒரு கதை வேணும் மேடம். ஜாலியா இருக்கணும். கிருமிங்க பேசணும். கடைசில பையன் திருந்தணும்."

"கிருமிங்க என்ன பேசணும்?"

"நீங்கதானே எழுத்தாளர்?"

அதற்கு மேல் பேசினால் எனக்கு வாய் நீளும். சரி என்று வைத்துவிட்டேன். முதல் தொடக்கம் இப்படி வந்தது:

ஒரு வாய்க்குள் ஒரு கிருமி ராஜா இருந்தான். அவன் கடைவாய்ப் பல்லில் கோட்டை கட்டிக்கொண்டு தன் படைகளை

இதோடு நிறுத்திவிட்டேன். இந்த ராஜாவை எத்தனை பேர்தான் எழுதுவார்கள்! கிரீடம், மீசை, கையில் ஈட்டி, பிரஷ்ஷைக் கண்டதும் ஓட்டம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மாதிரிக் கதைகள் எல்லாவற்றிலும் குற்றவாளி அந்தப் பையன்தான். அவனே உழைத்துச் சம்பாதித்து, அவனே கடைக்குப் போய், அவனே மிட்டாய் வாங்கித் தின்று கெட்டுப்போனது போல எழுதுகிறார்கள். அப்பா அம்மா எங்கே என்று தேடினால் கடைசிப் பத்தியில் வந்து பையனின் தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள். நல்ல வேலை, எனக்கும் யாராவது கொடுத்தால் செய்வேன்.

இரண்டாவது தொடக்கம் பெரியவர்களுக்கு:

பல் என்பது வெறும் எலும்பல்ல. அது மனித நாகரிகத்தின்

இதையும் விட்டேன். (பல் எலும்பே அல்ல என்று பிறகு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். எலும்பு முறிந்தால் தானாகக் கூடும், பல்லில் விழுந்த ஓட்டை தானாக மூடாது. நாகரிகத்தைப் பற்றி எழுதக் கிளம்பியவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை.)

2

மூன்றாவது தொடக்கத்தை நான் யோசிக்கவில்லை. அது எங்கள் தெருவிலேயே உட்கார்ந்திருந்தது.

என் புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். தெருமுனை போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். ஒடுக்கமான கடை. முன்னால் கண்ணாடி மேசையும் கம்ப்யூட்டரும். பின்னால் நீலத் திரை, உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டூல், இரண்டு குடை விளக்குகள். மேசை ஓரத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி நிறைய டாஃபி. படம் எடுக்க வரும் குழந்தைகள் விளக்கைப் பார்த்து அழும்போது ஒன்று கொடுப்பார். அழுகை நிற்கும், சிரிப்பு வரும், கிளிக். ஸ்டூடியோக்காரர் அதற்குச் சிரிப்பு மருந்து என்று பெயர் வைத்திருந்தார்.

அவருக்கு இன்னொரு கைராசியும் உண்டு. டச்சப். எவ்வளவு காவிப் பல்லாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் முத்துப்பல்லாக்கிவிடுவார். மாப்பிள்ளை பார்க்கப் படம் எடுக்க வருபவர்கள் அதற்காகவே இவரைத் தேடி வருவார்கள்.

"உங்க பல்லை மட்டும் லேசா வெள்ளை பண்ணிடட்டுமா மேடம்?"

"தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்."

சிரித்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர்.

அவர் மகளுக்குத் தெருவே வைத்த பெயர் வாயாடி. எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து, ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுவதைவிடப் பேசுவது அதிகம். போன தடவை என்னிடம், "நீங்க எழுதுறதை யாராச்சும் படிக்கிறாங்களா?" என்று கேட்டவள். அன்றைக்குக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"என்னடி, வாய்க்குப் பூட்டு போட்டாச்சா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

"பல்லு வலியாம் மேடம்" என்றார் அப்பா. "ரொம்ப நாளாச் சொல்லிட்டே இருக்கா. பால் பல்லுதான். விழுந்து வேற முளைக்கப் போகுது, அதுக்குள்ள ஆர்ப்பாட்டம்."

"டாக்டர்கிட்ட காட்டலாமே."

"விழப்போற பல்லுக்கு எதுக்கு மேடம் டாக்டரு?"

சொல்லிக்கொண்டே ஜாடியைத் திறந்து ஒரு டாஃபியை எடுத்து மகளிடம் நீட்டினார். "இந்தா கண்ணு, அந்தப் பக்கமா மெல்லு."

நான் கதைக்காகச் சேர்த்தது இல்லை இது. இவ்வளவு மோசமான ஒரு வரியைக் கற்பனை செய்ய எனக்குத் துணிச்சல் கிடையாது.

அவள் தலைக்கு மேலே சுவரில் அவளுடைய பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. ஏழாவது பிறந்தநாளில் எடுத்தது. அண்ணாக்கு தெரிய வாயைப் பிளந்து சிரிக்கிறாள். கீழ் வரிசையில் கடைவாய் வரை அத்தனை பல்லும் தெரிகிறது. ஒன்றில்கூட ஒரு கறை இல்லை.

3

இங்கே எனக்கு ஸ்டூடியோக்காரரால் ஒரு சிக்கல் வந்துவிட்டது. இவரை வைத்துக்கொண்டு எப்படிக் கதை எழுதுவது? திட்டுவதற்கு வசதியாக ஒரு அப்பா வேண்டும். முயன்று பார்த்தேன்:

ஸ்டூடியோக்காரர் தள்ளாடியபடியே உள்ளே வந்து, மகளின் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி

பொய். அவர் டீயைத் தவிர எதையும் குடிப்பதில்லை. மழை பெய்தால் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டுவார், செருப்பு நனையக்கூடாதாம். அவள் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. பால் பல் எல்லாம் விழுந்துவிடும் என்று அவர் அம்மா சொல்லியிருக்கிறார், அவர் அதை நம்பிவிட்டார். அன்பாக இருந்தால் போதும், மற்றது தானாக நடந்துவிடும் என்று நினைக்கும் கூட்டத்தில் ஒருவர். நாம் எல்லோரும் அந்தக் கூட்டம்தான். உலகத்தில் பிள்ளைகளின் பற்களைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள் என்று எழுதினால் எந்தச் சிறுவர் இதழ் போடும்?

(அம்மா எங்கே என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். அவள் வெளியூரில் வேலை பார்க்கிறாள், வாரக் கடைசியில் வருவாள். அவளைக் கதைக்குள் கொண்டுவந்தால், பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாக எழுந்து போய்விடுவீர்கள். அதனால் அவள் வெளியூரிலேயே இருக்கட்டும்.)

4

அடுத்த வாரம் படத்தை வாங்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். வாயாடியின் ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போய்க் கண் சிறுத்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நானும் கூடப் போனேன்.

பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் சுவரில் என்ன படம் தெரியுமா? கிருமி ராஜா. கிரீடம், மீசை, ஈட்டி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு பெண். முகமூடியைத் தாடைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, காலையிலிருந்து பேசிப் பேசிக் கட்டிப்போன குரலில் பேசினார். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"பால் பல்லுதான் டாக்டர்" என்றார் ஸ்டூடியோக்காரர். "பிடுங்கி விட்டுடுங்க. புதுசு முளைச்சிடும்."

"யாரு சொன்னது பால் பல்லுன்னு? இங்க வாங்க. நடுவுல இருந்து எண்ணுங்க."

அவர் குனிந்து விரலை நீட்டி எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. பின்னால் ஒரு கறுப்புக் குழி. ஆறு.

"முன்னாடி இருக்கிற அஞ்சு இடத்துலதான் பால் பல்லு விழுந்து வேற முளைக்கும். ஆறாவது இடத்துல எதுவும் விழாது. ஆறு வயசு வாக்குல, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி சத்தமில்லாம வந்து நிக்கும். எதுவும் விழலையா, அதனால புதுசு வந்ததே வீட்டுல யாருக்கும் தெரியாது. அறுபது வயசுலயும் இவ மெல்ல வேண்டியது இதுலதான். பிடுங்கினா அவ்வளவுதான், இன்னொண்ணு வராது."

ஸ்டூடியோக்காரர் எதையோ கண்டுபிடித்தவர் போல அவசரமாக போனை எடுத்தார்.

"இல்ல டாக்டர், போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் காட்டுறேன் பாருங்க." பிறந்தநாள் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, அந்தப் பல்லைத் திரை நடுவில் கொண்டுவந்தார். "பாருங்க. ஒரு புள்ளி இருக்கா? பளிச்சுன்னு இருக்கு பாருங்க."

டாக்டர் பார்த்தார். படத்தையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கே" என்றார்.

அவர் கண்ணாடியை வெளியே எடுத்ததும் வாயாடி பேசினாள். பல நாளாகப் பேசாத பிள்ளை.

"அங்க கறுப்பா இருந்துச்சுப்பா. நீங்கதான் அழிச்சீங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேனே."

அவர் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"நீங்க அழிச்சதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு உவமை போடலாம் என்று கை பரபரத்தது. போடவில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. எத்தனையோ பேர் பல்லை வெள்ளையாக்கிய பழக்கத்தில் மகளின் பல்லையும் வெள்ளையாக்கி, அதைச் சுவரில் மாட்டி, தினமும் பார்த்து, தான் அழித்ததையே மறந்துவிட்டு, தன் டச்சப்பைத் தானே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது, அதை அடக்கிக்கொண்டேன்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"கடைல இருக்கு."

"அந்தப் புள்ளியோட வந்திருந்தா ஒரே தடவைல அடைச்சு அனுப்பியிருப்பேன்."

5

டாக்டர் பல்லைப் பிடுங்கவில்லை. எட்டு வயதில் அந்தப் பல்லின் வேர் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காதாம். உள்ளே உயிர் மிச்சமிருந்தால் அதைக் காப்பாற்றி வேரை வளரவிட்டுப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது. வருஷம் முழுக்க விட்டு விட்டு வர வேண்டும். நடுவில் நிறுத்தினால் பல் போய்விடும். முதல் வேலையாக வீக்கம் வடிய மருந்து எழுதிக் கொடுத்தார்.

"இன்னொண்ணு. காலைலயும் தூங்கப் போறதுக்கு முன்னாடியும் பல்லு தேய்ச்சு விட வேண்டியது நீங்க. அவ கையில பிரஷ்ஷைக் கொடுத்துட்டு டிவி பாக்கக் கூடாது. ராத்திரி தேய்ச்சதுக்கு அப்புறம் தண்ணி மட்டும்தான்."

"எட்டு வயசாச்சே டாக்டர், அவளே தேய்ச்சுக்குவாளே."

"அவளேதான் இவ்வளவு நாள் தேய்ச்சா. நடுவுல இருந்து எத்தனாவது வரைக்கும் தேய்ச்சிருக்கான்னு நீங்களே பாத்தீங்களே."

சில நாள் கழித்துச் சிறுவர் இதழ்க்காரர் போன் செய்தார். "கதை முடிஞ்சுதா மேடம்? பையன் திருந்திட்டானா?"

"பையனே இல்லை."

"அப்போ யாரு திருந்துறாங்க?"

அதுதான் சிக்கல். மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: ஸ்டூடியோக்காரர் கடைக்கு ஓடி வந்து ஜாடியைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்கிறார். (படமாக எடுத்தால் பின்னணி இசை வரும். கண்ணாடித் துண்டைப் பொறுக்குவது யார் என்று யாரும் காட்டமாட்டார்கள். கிழித்துவிட்டேன்.)

இரண்டாவது: முகூர்த்த மாதம் வருகிறது. கல்யாண ஆர்டர்கள். வீக்கமும் வடிந்துவிட்டது, வலியும் இல்லை. அடுத்த வாரம் போகலாம், அதற்கடுத்த வாரம் போகலாம் என்று இருந்து, கடைசியில் அந்தப் பல்

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. நடக்க அதிக வாய்ப்புள்ளது இதுதான்.

மூன்றாவது: பல் பிழைக்கிறது. வாயாடி பழையபடி பேசுகிறாள். என் எழுத்தைப் பற்றி இன்னும் மோசமான கேள்விகள் கேட்கிறாள்.

எது நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று ஸ்டூடியோவுக்குப் போனேன். ஜாடி அதே இடத்தில் இருக்கிறது, நிறைய டாஃபியோடு. சுவரில் இருந்த படம் மட்டும் மாறியிருக்கிறது. அதே பிறந்தநாள், அதே சிரிப்பு. கடைவாயில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. படம் எடுக்க வந்த ஒருவர், "என்னங்க, இதுக்கு டச்சப் பண்ணலையா?" என்று கேட்டார். ஸ்டூடியோக்காரர் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து விளக்கைப் போட்டார். எனக்கும் நெஞ்சு இளகியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தை மாற்றுவது அவருக்குக் கைவந்த கலை. வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும், அன்றைக்கு ஷட்டரை இழுப்பாரா என்பதுதான் கேள்வி.

(அவர் கொடுத்த என் படத்தில் என் பல் பாலாக வெளுத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லியும் செய்திருக்கிறார். புத்தகம் வந்தால் பின்னட்டையைப் பாருங்கள்.)

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. ஸ்டூடியோக்காரரைப் பார்த்து நீங்கள் தலையில் அடித்துக்கொண்டது போதும். உங்கள் வீட்டில் ஆறு வயது தாண்டிய பிள்ளை இருந்தால் கூப்பிடுங்கள். வெளிச்சத்தில் நிறுத்தி, நடுவிலிருந்து எண்ணுங்கள், நான்கு பக்கமும். ஆறாவது இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்கள் கதையின் முடிவு, எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். வாயைத் திறக்கச் சொன்னதும் பிள்ளை ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், எண்ணுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கேளுங்கள்.