எட்வர்ட் பெரியப்பாவின் பிளெக்ஸ் திருத்தப்பட்ட வரலாறு

1

தமிழ் கூறும் நல்லுலகுக்கு இதனால் அறிவிப்பது: மானுட வரலாற்றின் போக்கையே திருப்பவல்ல கதையொன்று இங்கே தொடங்குகிறது. வாசகர்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை. உட்கார்ந்தே படிக்கலாம்.

கதை எனக்கு ஒரு பிளெக்ஸிலிருந்து கிடைத்தது. வேறு வேலையாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் போனவன் டீக்கடையில் நின்றேன். எதிரே பன்னிரண்டு அடி போர்டு. பிளஸ் டூவில் வாகை சூடி, ஏதோவொரு படிப்பில் அடியெடுத்து வைக்கும் குலவிளக்கு ஏஞ்சலினைப் பதினேழு பேர் கூலிங் கிளாஸோடு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். குலவிளக்கு மூலையில், தபால்தலை அளவில். படிப்பின் பெயர்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. அடியில் 'செவிலியர்' என்று மங்கலாகத் தெரிந்தது.

மிச்சமெல்லாம் என் கற்பனை. டீக்கடைக்காரரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் உண்மை தெரிந்து கதை கெட்டுப்போகும்.

2

முதல் வரி: 'உருக்காலைப் புகையினூடே ஒரு கனவு மெல்ல' — வேண்டாம். அந்தப் புகையினூடே வருவது இருமல்தான்.

மறுபடியும்: 'ஏஞ்சலினுக்குச் சிறு வயது முதலே மக்கள்மீது அளவற்ற' — பொய். பக்கத்து வீட்டோடு அவளுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன் (நடத்தியதை என்று படிக்கவும்). கம்பி உருட்டும் ஆலையில் உலையடியில் வேலை பார்க்கும் ஸ்டீவனின் ஒரே மகள் ஏஞ்சலின். போன மார்ச்சில் ஆலையின் கரித்தூள் அவர்கள் தெருவில் காயப்போட்ட துணியிலெல்லாம் படிந்தது. ஜனங்கள் திரண்டுபோய் கேட்டை மறித்தார்கள். உள்ளேயிருந்து இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்து அரைமணி நேரம் பேசினார். கல்லோடு போனவர்கள் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். மறுநாளும் கரித்தூள் வந்தது, வேளை தவறாமல்.

"யாரு நைனா அவுரு?" ஏஞ்சலின் அப்பாவைக் கேட்டாள்.

"பி.ஆர்.ஓ. மக்கள் தொடர்பு."

"இன்னா சொன்னாரு?"

ஸ்டீவன் யோசித்துப் பார்த்தார். "ஞாபகம் இல்லம்மா. ஆனா சோக்கா சொன்னாரு."

ஏஞ்சலினுக்கு உடம்பு சிலிர்த்தது. படித்தால் இதைத்தான் படிப்பது என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தாள்.

3

இடைஞ்சல், எட்வர்ட். ஸ்டீவனின் அண்ணன், சபைக் கமிட்டிச் செயலாளர். ரிசல்ட் வந்த அன்றைக்கே 'செவிலியர்' பிளெக்ஸை ஏற்றிவிட்டார். இந்தக் குடும்பத்தில் முடிவெடுப்பது வேறு, பிளெக்ஸ் அடிப்பது வேறு அல்ல. பிளெக்ஸ் அடித்தால் முடிவெடுத்தாயிற்று.

சென்னைக் கல்லூரியில் மக்கள் தொடர்புப் படிப்புக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவோ, "அண்ணன் சரின்னா எனக்கும் சரி" என்று ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணன் குதித்தார். "போர்டு வச்சாச்சு, பாஸ்டர் பாத்தாச்சு. இப்ப மாத்துனா என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது? பேசறதுக்கு ஒரு படிப்பா? உங்க பெரிம்மா இன்னா, படிச்சிட்டா பேசிக்கினு கீறா?"

[இங்கே ஸ்டீவன், "கம்பெனி ஒழுங்கா இருந்தா பேரு தானா வராதா?" என்று கேட்பதாக எழுதி அடித்துவிட்டேன். கதைகளில் தொழிலாளிக்கு எப்போதும் ஒரு ஞானவாக்கு கைவசம் இருக்கிறது. உலையடியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவன் முதலில் கேட்பது தண்ணீர்.]

4

வியாழன் மாலை ஏஞ்சலின் ஒரு தாளோடு பெரியப்பா வீட்டுக்குப் போனாள். ஸ்டீவனும் கூடப் போனார்.

"பெரிப்பா, போர்டுல தப்பே இல்ல. நீங்க ஒருபடி முன்னாடி போய்ட்டீங்க, அவ்ளோதான்."

"அப்டியா?"

"ஆஸ்பத்திரிக்கே பேரு வாங்கிக் குடுக்கிற பொண்ணு இவன்னு மொதல்ல கண்டுபுடிச்சது நீங்கதான? ஞாயித்துக்கெழம சபைல படிக்க எழுதிக்கினு வந்துகீறேன்."

'சபைச் செயலாளர் திரு. எட்வர்ட் அவர்களின் தொலைநோக்குப் பார்வையால், குடும்பத்தின் முந்தைய அறிவிப்பு மேம்படுத்தப்பட்டு' என்று தொடங்கியது அறிக்கை. எட்வர்ட் விரல்விட்டு எண்ணினார்.

"என் பேரு மூணு எடத்துலதான் வருது."

"ஆறாக்கிடவா?"

"ஏழு வையி. பைபிள் கணக்கு."

அரைமணி நேரத்தில் எட்வர்டே ஏணியில் ஏறி வெள்ளைத்தாளை ஒட்டினார். மேலே நின்றபடி, "போட்டோ எட்த்தியா?" என்று கேட்டார். எடுத்தாயிற்று என்றதும் இன்னொரு முறை ஒட்டுவதுபோல நின்றார்.

5

அவர் டீ குடிக்கப் போனபின், ஏணியைப் பிடித்திருந்த ஸ்டீவன் மகளைப் பார்த்தார்.

"அண்ணன்கிட்ட பேசுனியே, அதுல எது நெசம்?"

"எதுவும் பொய் இல்ல நைனா."

"அத கேக்கல நானு. நாளைக்கு எங்க ஷெட்டுல ஒருத்தனுக்குக் கை போச்சின்னு வையி. நீயும் இஸ்திரி சட்ட போட்டுக்கினு கேட்டாண்ட வந்து நின்னு பேசுவியா?"

(இந்த வரியையும் அடிக்கப் பார்த்தேன். போக மாட்டேன் என்கிறது.)

இதற்கு ஏஞ்சலினிடம் எழுதிவைத்த தாள் எதுவும் இல்லை. அவளுக்காக நான் மூன்று பதில் எழுதினேன்.

அ. "நான் உண்மையத்தான் சொல்வேன் நைனா." கைதட்டல் கிடைக்கும். வேலை இரண்டாம் வாரமே போய்விடும்.

ஆ. விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு நர்சிங்குக்கே போகிறாள். எட்வர்ட் மறுபடி ஏணி ஏற வேண்டும். அவருக்கு முட்டிவலி.

இ. "தெரியல நைனா." அன்று அவள் தயாரிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான் என்பதால் ஸ்டீவன் கையெழுத்துப் போடுகிறார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகமாகவும் இருக்கிறது.

தேர்வு உங்களுடையது, வாசகரே. ஸ்டீவன் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். மகள் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை நாளை மாலை ஐந்து மணிக்குள் தீர்மானமாக வேண்டும். சீக்கிரம்.

கடைசித் தேதியைக் கல்லூரி ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறது. நாற்பது இடத்துக்கு இதுவரை மூன்று பேர்தான் விண்ணப்பித்திருக்கிறார்கள்.